உட்கார்ந்தவர்களும் ஆக்கிரமித்தவர்களும்

முன்னொரு காலத்தில் பூவரசங்காட்டு நாட்டை மகுடசேகரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். என்ன, காலையில் அவனுக்கு ஓர் ஆசை வந்தால் மாலைக்குள் அது சட்டமாகிவிடும். ஒரு நாள் அன்னப்பறவை வளர்க்க ஆசை வந்தது. பதினொரு அன்னங்கள் வந்து இறங்கின. அவை நீந்தக் குளம் வேண்டுமே. கீழ்க்காட்டு வயல்களுக்குப் போகிற கால்வாயை அடைத்து, தண்ணீரை அரண்மனைக் குளத்துக்குத் திருப்பினார்கள். அன்னங்கள் கொழுத்தன. கீழ்க்காட்டில் நாற்று கருகியது.

மூன்று முறை மனுக் கொடுத்துப் பார்த்தார்கள், பதில் இல்லை. செம்பாயி என்ற உழவுக்காரி நான்காவது மனுவை எழுதவில்லை. கருகிய நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, அறுபது பேரோடு வந்து ராஜவீதியின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கென்று ஊரில் இரண்டு கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலங்கள் சந்து பொந்தெல்லாம் சுற்றிப் போகவேண்டியதாயிற்று. முரசறைந்து சேதி சொல்கிற வேம்பனுக்கே எரிச்சல்தான். அந்தக் கனத்த முரசைத் தூக்கிக்கொண்டு அவனும் சுற்றித்தான் நடந்தான். பட்டத்து யானை வந்தது, நாற்றைக் கொஞ்சம் தின்றது, திரும்பிப் போனது. சாயங்காலம் அதற்கு வயிறு சரியில்லை. நடந்தது அவ்வளவுதான்.

வேம்பன் தன் கண்ணால் கண்டதை ஓலைநாயகம் கனகசபேசரிடம் சொல்வான். அவர் அதை ஓலையில் எழுதி முத்திரை வைத்துக் கொடுப்பார். அதைத்தான் வேம்பன் கூவவேண்டும். சபையில் ராஜா வேறு யாரையாவது பாராட்டிவிட்டால் அன்றைக்குக் கனகசபேசருக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்ட பெரிய மனது.

அவர் எழுதிய ஓலை இது: “வெறிகொண்ட கும்பல் ராஜவீதியை ஆக்கிரமித்தது. மணமக்கள் தவிப்பு. பட்டத்து யானைக்கு நஞ்சா?”

உட்கார்ந்தவர்களை ஆக்கிரமித்தார்கள் என்கிறீர்களே என்று வேம்பன் தயங்கிக் கேட்டான். கனகசபேசர் பொறுமையாகப் பாடம் நடத்தினார். “உட்கார்ந்தார்கள் என்று கூவினால், ஜனங்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து என்ன ஏதென்று கேட்பார்கள். ஆக்கிரமித்தார்கள் என்றால் கல்லைத் தேடுவார்கள்.”

“நஞ்சு யாரும் வைக்கவில்லையே ஐயா.”

“வைத்தார்கள் என்றா எழுதினேன்? கேள்விதானே கேட்டிருக்கிறேன். கேட்பது ஒரு குற்றமா?”

வேம்பன் கூவினான். மறுநாளே கடைத்தெருவில் ஜனங்கள் கல்லைத் தேடி எடுத்துவிட்டார்கள். ஒரு கல் செம்பாயியின் நெற்றியைக் கிழித்தது. அவள் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கல்லை எறிந்தவன் வேறு யாரோதான். ஆனால் அதை எடுத்துக் கொடுத்தது தன் வாய்தான் என்று வேம்பனுக்குத் தோன்றியது. அறுபது பேரையும் பௌர்ணமிக்குள் நாடு கடத்த ராஜா உத்தரவு போட்டான். ஊரே சரி என்றது.

இரண்டு நாள் கழித்து வேம்பன் ஓலைநாயகத்திடம் புதுச் சேதியோடு போனான். நாற்பது பேர் வில்லும் ஈட்டியுமாகக் கீழ்க்காடு வழியாகப் போனார்கள். ஒரு கத்தரித் தோட்டத்தில் புகுந்தார்கள். வழியில் கிடைத்த பலாப்பழங்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். திரும்பும்போது ராஜவீதியில் இரண்டு நாழிகை யாரையும் விடவில்லை. இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. யார் அந்த நாற்பது பேர் என்று கனகசபேசரும் கேட்கவில்லை. கீழ்க்காடு என்ற சொல் காதில் விழுந்ததுமே அவருடைய எழுத்தாணி துள்ள ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் காலை அரண்மனை வாசலில் வேம்பன் முரசை முழக்கினான். “ஆயுதம் தாங்கிய கொடுங்கும்பல் அட்டூழியம். பயிர் நாசம். பலாப்பழம் சூறை. இரண்டு நாழிகை நடுங்கியது ராஜவீதி. கும்பல் தலைவனின் அடுத்த இலக்கு அரண்மனையா?”

ஜனங்கள் திரண்டு வந்து தலைவனைப் பிடிக்கச் சொல்லிக் கேட்டார்கள். ராஜாவுக்கு மீசை துடித்தது. மாடத்தில் நின்றபடியே, பொழுது சாய்வதற்குள் அந்தத் தலைவனைப் பிடித்து இதே வாசலில் ஐம்பது கசையடி கொடுக்கவேண்டும் என்று எல்லோர் காதிலும் விழும்படி ஆணையிட்டான். அந்தத் தலைவன் யார், எங்கே இருக்கிறான் என்று வேம்பனையே கேட்டான்.

வேம்பன் முரசைக் கீழே இறக்கிவைத்துவிட்டுச் சொன்னான்: “மகாராஜா முந்தாநாள் வேட்டைக்குப் போய்வந்தீர்கள்.”

ராஜாவின் கை வாள்பிடிக்குப் போனது. “பொய்யா கூவினாய்?”

“எந்தச் சொல் பொய் என்று மகாராஜாவே சொல்லுங்கள். முத்திரை ஓலைநாயகம் ஐயாவுடையது.”

ராஜா ஓலையை வாங்கி ஒருதரம் படித்தான், மறுதரம் படித்தான். அவன் குதிரை கத்தரிச்செடியை மிதித்தது உண்மை. பலாப்பழம் இனித்ததும் உண்மை. கை மெல்ல வாளைவிட்டு இறங்கியது. “இதைக் கேட்டு என்னையே எனக்கு அடையாளம் தெரியவில்லையே. அப்படியென்றால் அந்த அறுபது பேரை எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?” என்றான்.

பிறகு கனகசபேசர் பக்கம் திரும்பினான். “ஆணை போட்டாயிற்று. ஐம்பது கசையடியை ‘முதுகுக்கு அரச மரியாதை’ என்று எழுதிவிட்டால் வலிக்காதோ? உமது முதுகில் எழுதிப் பார்ப்போமா?”

கனகசபேசர் கீழே சரிந்தார். அவர் மயங்கினாரா, நடித்தாரா என்று கேள்வி கேட்க அங்கே வேறு ஓலைநாயகம் இல்லை. கசையை யாரும் எடுக்கவில்லை. தன் முதுகுக்காகவே ராஜா அந்த ஆணையை அவசரமாக ரத்து செய்தான். நாடு கடத்தும் ஆணையையும் கூடவே கிழித்தான். கத்தரித் தோட்டத்துக்காரரிடம் ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்டான். ஓலை எழுதும் வேலை வேம்பனுக்கு வந்தது. முரசு கனகசபேசரின் தோளுக்குப் போனது.

வேம்பன் முதல் வேலையாகச் செம்பாயியிடம் போய், கல்லுக்காக மன்னிப்புக் கேட்டான். அவள், “நெற்றி ஆறிவிடும். தண்ணீர் என்ன ஆயிற்று, அதைச் சொல்,” என்றாள். வேம்பன் அதை ராஜாவிடம் போய்ச் சொன்னான், ராஜா கால்வாயைத் திறக்கச் சொன்னான்.

அன்று மாலை கனகசபேசர் வியர்த்து வழிய முரசறைந்து, வேம்பன் எழுதியதைப் படித்தார். “கீழ்க்காட்டார் தண்ணீர் கேட்டு வீதியில் உட்கார்ந்தார்கள். ஊர்வலங்கள் சுற்றிப் போயின. இன்று கால்வாய் திறந்தது.”

கேட்டவர்கள் இன்னும் ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். வரவில்லை. வெறியும் இல்லை, நஞ்சும் இல்லை. இதெல்லாம் ஒரு சேதியா என்று முணுமுணுத்தபடி கலைந்து போனார்கள்.