எண்ணெய்மேடு தஞ்சாவூருக்கு வந்த கதை

எண்ணெய்மேட்டுக்குப் பேரை மாற்றிவிடுவது என்று அடுக்குமாடிக்காரர்கள் சங்கக் கூட்டம் போட்டார்கள். தஞ்சாவூரின் புறநகருக்கு 'கிரீன் பார்க்' என்று பேர் இருந்தால்தான் மதிப்பாம். சிங்காரவடிவேலுவுக்குப் பொறுக்கவில்லை. எண்ணெய் தோண்ட வந்தவர்களுக்குச் சமைத்துப்போட வந்து, கிணறு வற்றிய பிறகும் போகாமல் தங்கிவிட்ட மனிதர் அவர். எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டார்.

"மாத்துறதுக்கு முன்னாடி வரலாற்றைக் கேட்டுக்குங்க. தொளை போட்டதும் எண்ணெய் பனைமர உயரத்துக்குப் பீச்சிச்சு. காக்கா மரத்துல உக்காந்தா வழுக்கி விழும். கடைசியில எல்லாம் நடந்தே போக ஆரம்பிச்சிடுச்சு."

"அது குரூடு ஆயில் ஐயா, கறுப்பா இருக்குமே," என்றான் மூன்றாவது மாடி ஜெரால்டு.

"காக்கா பின்ன என்ன நிறம் தம்பி? அதுக்கு முன்னாடி இந்தப் பக்கத்துக் காக்கா அத்தனையும் வெள்ளை."

கூட்டம் சிரித்தது. சிங்காரவடிவேலுவுக்குத் தெம்பு ஏறியது.

"கோழிங்களும் அந்த எண்ணெயிலதான் மேய்ஞ்சுதுங்க. வெயில் ஏறிட்டா முட்டை போடாது, ஆம்லெட்டாவே போடும். நான் தீனியில வெங்காயம் நறுக்கிக் கலந்து வச்சுட்டு சும்மா உக்காந்திருப்பேன். ஒரு முகூர்த்தத்துல மாப்பிள்ளை மணையோட வழுக்கி அடுத்த பந்தலுக்குப் போயிட்டாரு. அந்தப் பந்தல் மாப்பிள்ளை இங்க வந்துட்டாரு. ரெண்டு ஜோடியும் இன்னைக்கும் நல்லாத்தான் இருக்காங்க."

சங்கச் செயலாளர் தமயந்தி குறுக்கிட்டார். துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர்.

"கிணறு இருந்தது நெசந்தாண்ணே. அப்ப இது தனியாக் கிடந்த பொட்டல். தஞ்சாவூர் வளர்ந்து வந்து நம்மைச் சேர்த்துக்கிச்சு. பேரும் அதுக்கேத்த மாதிரி இருக்க வேணாமா?"

பல தலைகள் ஆடின. சிங்காரவடிவேலு பதறிப்போனார். இதை விட்டால் பேர் போய்விடும்.

"தஞ்சாவூரா வந்துச்சு? அது இருந்த இடத்துலதாம்மா இருக்கு. வந்தது நாமதான். இந்த ஊரு வேதாரண்யம் பக்கம் கடலோரமா இருந்துச்சு. அடியில பூரா எண்ணெய். புயல் ஒரு தள்ளு தள்ளுச்சு பாருங்க, ஊரே வழுக்கிக்கிட்டுக் கெளம்பிடுச்சு. நான் இட்லி ஊத்தினது திருத்துறைப்பூண்டியில, எடுத்தது மன்னார்குடியில. தஞ்சாவூர்ல முட்டி நின்னோம். இல்லேன்னா கோயம்புத்தூர்க்காரங்களா ஆயிருப்போம்."

ஜெரால்டுகூடக் கைதட்டினான். ஜெயித்துவிட்டோம் என்று சிங்காரவடிவேலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

தமயந்தி சிரிக்கவில்லை.

"அப்படின்னா இது வேதாரண்யத்துக்காரங்க ஊரு. எண்ணெய்மேடு எங்கேன்னு விசாரிச்சுக்கிட்டே வந்து, எங்க ஊரைத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டா என்னண்ணே பண்றது?"

சிங்காரவடிவேலு யோசித்தார். சொந்த வீடு, நாலு தென்னை, வாசலிலேயே பஸ். இந்த வயதில் மறுபடி கடலோரமா?

பேரை மாற்றச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றதும், முதலில் உயர்ந்தது அவர் கைதான்.