மணல் சொன்ன சாட்சி

கேளுங்கள் பெரியோரே, கேளுங்கள் பிள்ளைகளே! தென்கடல் ஓரத்தை இளவழுதி என்ற அரசன் ஆண்ட காலத்தில் நடந்தது இது.

அவன் நாட்டின் எல்லையில் ஒரு செம்மணல் காடு கிடந்தது. தேரி என்று அதற்குப் பெயர். அங்கே உழவும் முடியாது, விதைக்கவும் முடியாது. முள் நிறைந்த உடைமரங்களும், மணலில் பாதி புதைந்த பனைகளும்தான் நின்றன. அது தனி ஒருவருக்குச் சொந்தமில்லை. ஊரார் எல்லோருக்கும் பொது.

அந்தத் தேரியில் ஆடு மேய்த்தவள் சடைச்சி. அவளுக்குக் கணவன் இல்லை, காணி இல்லை. பதினேழு ஆடுகள் மட்டுமே உண்டு. ஆனால் மணலில் ஒரு தடம் கண்டால் போதும். போனது எது, எப்போது போனது, மெல்லப் போனதா மிரண்டு ஓடியதா என்று சொல்லிவிடுவாள்.

ஒருநாள் மாறவேள் என்ற வணிகன் அரசவைக்கு வந்தான்.

"அரசே, அந்தத் தேரியில் ஒன்றுமே இல்லை. அதை எனக்குக் கொடுங்கள். உடைமரங்களை வெட்டிக் கரி சுடுகிறேன். நாட்டுக் கொல்லர்களுக்கெல்லாம் உலைக்கரி கிடைக்கும்" என்றான்.

செய்தி சடைச்சியின் காதில் விழுந்தது. ஆடுகளைப் பக்கத்து வீட்டில் விட்டாள். வெயிலில் நடந்து அரண்மனைக்குப் போனாள். அத்தனை பெரிய மண்டபத்தை அவள் கண்டதே இல்லை. ஆனாலும் துணிந்து வாய் திறந்தாள்.

"மகாராசா, அங்கே மான் இருக்கு, முயல் இருக்கு, கானமயில் இருக்கு. அந்த மரங்கள்தான் மணலைப் பிடிச்சு வச்சிருக்கு. வெட்டினால் மணல் கிளம்பிடும். எங்க குளம் மூடும், வீடு மூடும், நாங்க எங்கே போவோம்?"

மாறவேள் சிரித்தான். "மூன்று நாள் பறை அடித்துக்கொண்டு சுற்றினேன், அரசே. ஒரு குருவிகூடக் கண்ணில் படவில்லை!"

"பறை அடிச்சால் எது நிற்கும்?" என்றாள் சடைச்சி. "மணலையே கேளுங்க மகாராசா. மாலையில் ஓரிடத்தைக் கூட்டிச் சமமாக்கி வைக்கிறேன். காலையில் வந்து பாருங்க."

அரசன் யோசித்தான். "மூன்று காலை தருகிறேன். மூன்றிலும் தடம் இல்லையென்றால் தேரி வணிகனுக்கு. அதுவரை இருட்டிய பின் மனிதர் எவரும் அங்கே கால் வைக்கக் கூடாது. இது என் ஆணை" என்றான்.

அரசன் தேரியை ஒட்டிய குளக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கினான். சடைச்சி ஒரு மணல்மேட்டின் உச்சியில் பனையோலையால் மணலைக் கூட்டினாள்.

முதல் காலை வந்தது. மணல் மட்டுமே கிடந்தது. மேட்டுக்காற்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்தது. ஊர்ப் பெண்கள் தலைகுனிந்தார்கள். 'காற்றை மறந்தேனே!' என்று சடைச்சி தன்னையே நொந்துகொண்டாள். அன்று மாலை, காற்று இறங்காத ஒரு பள்ளத்தைத் தேர்ந்து கூட்டினாள்.

இரண்டாம் காலை வந்தது. மானின் தடம் இல்லை. முயலின் தடம் இல்லை. நாய்களின் தடங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருந்தன.

"ஊர் நாய்கள் திரிகிற இடம், அவ்வளவுதான்" என்றான் மாறவேள்.

சடைச்சி பள்ளத்தில் இறங்கினாள். மண்டியிட்டு மணலைப் பார்த்தாள். பள்ளத்தின் ஓரமாக நடந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நாய் நாலு, மகாராசா. நாலையும் ஒரு ஆள் கயிற்றில் கொண்டுவந்து அவிழ்த்து விட்டிருக்கார். கனத்த ஆள். செருப்புப் போட்டவர். வலது செருப்பின் குதிகாலில் பிறை மாதிரி ஒரு லாடம் இருக்கு."

எல்லோர் கண்களும் மாறவேளின் காலுக்குப் போயின. "காலைத் தூக்கு" என்றான் அரசன். தூக்கினான். குதிகாலில் பிறை லாடம் மின்னியது.

சடைச்சி அவனைப் பார்த்துக் கேட்டாள்: "ஒன்றுமே இல்லாத இடத்தில் எதைத் துரத்த நாய் கொண்டுவந்தீங்க, அய்யா?"



"தீர்ப்புக்கு இதுவே போதும்" என்றான் அரசன். "ஆனாலும் மூன்றாம் காலையையும் பார்க்க எனக்கு ஆசை."

மூன்றாம் காலை வந்தது. அரசன் வெறுங்காலோடு, சத்தமில்லாமல் நடந்து வந்தான். பள்ளம் முழுக்க எழுத்தாக இருந்தது! முயல் தத்திய தடம், உடும்பு வால் இழுத்த கோடு, கவுதாரி குஞ்சுகளோடு நடந்த பொடித்தடம். சடைச்சி ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். திடீரென்று அவள் அரசனின் கையைத் தொட்டு நிறுத்தினாள். எதிர் மேட்டில் வெளிமான் கூட்டம் ஒன்று ஏறி நின்றது. முறுக்குக் கொம்புகளில் முதல் வெயில் பட்டது. நாடாளும் அரசன் மூச்சுவிட மறந்து நின்றான்.

அன்றே கல் நட்டார்கள். 'இத்தேரி மக்களுக்கும் விலங்குகளுக்கும் பொது. விற்கவும் கொடுக்கவும் அரசனுக்கும் உரிமை இல்லை' என்று அதில் வெட்டச் சொன்னான் இளவழுதி. ஆணையை மீறிய மாறவேள் மூன்று மழைக்காலம் தேரியில் உடை விதை ஊன்ற வேண்டும் என்றும், எங்கே ஊன்றுவது என்று சடைச்சி காட்டுவாள் என்றும் தீர்ப்பானது. ஊர்ப் பெண்கள் விட்ட குலவை கடற்கரை வரை கேட்டதாம்.

ஆகவே கேட்டவர்களே, நம் கண்ணுக்கு வெறுமையாகத் தெரிகிற பொது நிலமும் பல உயிர்களின் வீடு. அதைக் காப்பது நம் எல்லோர் கடமை.