பதினொரு நிமிட ஒத்திகை

மூன்று பேர் ஒரு பரிசுக்குப் போட்டி போடும் புதிர்களை நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் சொல்லப்போவதில் மூன்று பேர் ஒரு பழிக்குப் போட்டி போடுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் இருபத்தாறு வருடம் எழுத்தராகக் குப்பை கொட்டியவன் நான். பழியை அடுத்தவர் தலையில் கட்டுகிறவர்களைத்தான் தினமும் பார்த்திருக்கிறேன். அது எனக்குத்தான் என்று மூன்று பேர் வந்து நின்றது அந்த ஒரு தடவைதான்.

எங்கள் வேதியியல் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஆய்வு மாணவர்கள் நாற்பத்து மூன்று பேர். அவர்களில் செண்பகவடிவு சக்கர நாற்காலியில் வருகிறவள். பள்ளிக்கூட நாளில் ஒரு பஸ் விபத்தில் நடை போய்விட்டது. நாலரை வருட உழைப்பு முடிந்து, ஆய்வேட்டைக் கொடுக்க ஆறு மாதம்தான் பாக்கி. அவளுடைய அப்பா அதற்குள்ளேயே ஊரில் எல்லோரிடமும் மகளை டாக்டர் என்றுதான் சொல்வார்.

தீப்பிடித்தால் என்ன செய்வது என்று திட்டம் போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. பேராசிரியர் தேவசகாயம் உட்கார்ந்து எழுதினார். நல்ல மனுஷர், மாணவர் வீட்டுக் கல்யாணம் ஒன்றையும் விடமாட்டார். திட்டமும் நன்றாகத்தான் இருந்தது. மணி அடித்தால் லிஃப்ட் நின்றுவிடும். எல்லோரும் படியிறங்கி, கட்டடத்துக்கு முன்னால் நிற்கும் புங்கை மரத்தடிக்கு வர வேண்டும். வடிவு மட்டும் மேலே படியோரம் போய்க் காத்திருக்க வேண்டும். அங்கே சுவரில் ஒரு தூக்கு நாற்காலி மாட்டியிருக்கும். அவளுடைய தோழி ரஹ்மத் நிஷாவும் காவல் மேற்பார்வையாளர் பேச்சிமுத்துவும் அதில் அவளை உட்காரவைத்துக் கீழே கொண்டுவர வேண்டும்.

முதல் ஒத்திகையில் அப்படியே செய்தார்கள். நாற்காலியின் பட்டையை மாட்டத் தெரியாமல் நிஷா திணறினாள். படி திரும்பும் இடத்தில் பேச்சிமுத்து நின்று மூச்சு வாங்கினார். கீழே தேவசகாயம் கைக்கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார். அடுத்த மாதம் மதிப்பீட்டுக் குழு வருகிறது, ஐந்து நிமிடத்துக்குள் மாடி காலியாக வேண்டும் என்பது அவர்கள் விதி. நாற்பத்து மூன்று பேரும் இறங்கப் பதினொரு நிமிடம் ஆனது.

"பாவம்மா நீ, ஒனக்கு எதுக்கு இந்தச் செரமம்? அடுத்த தடவ முன்னாடியே கீழ வந்து மரத்தடியில இருந்துக்கோ. ஸ்டாப் வாட்ச் நீதான் பாக்கணும்" என்றார் தேவசகாயம்.

"சரி சார்" என்றாள் வடிவு.

அதற்குப் பிறகு நாலு ஒத்திகை. நாலிலும் வடிவு புங்கை மர நிழலில், கையில் ஸ்டாப் வாட்சோடு இருந்தாள். நிஷா வெறுங்கையோடு தடதடவென்று இறங்கி வந்தாள். பேச்சிமுத்து முன்னாள் ராணுவக்காரர், வரிசையில் நிற்கவைத்து எண்ணி, நான் தட்டச்சு செய்து கொடுத்த தாளோடு ஒப்பிடுவார். தாளில் நாற்பத்திரண்டு, வரிசையிலும் நாற்பத்திரண்டு. நேரம் நாலு நிமிடம் பத்து விநாடி. குழு பாராட்டிக் கொடுத்த சான்றிதழ் இன்றைக்கும் கட்டட வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, இரண்டாவது மாடியின் பின்பக்க இருப்பு அறையில் நிஜமாகவே தீப்பிடித்தது. மணி அடித்தது. பிள்ளைகள் பழகியபடி இறங்கினார்கள். பேச்சிமுத்து எண்ணினார், நாற்பத்திரண்டு. வந்து சேர்ந்த தீயணைப்புக்காரர்களிடம், "மேல ஒரு ஆளு கிடையாது" என்றார். அவர்கள் பின்பக்கமாகவே நின்று தண்ணீர் அடித்தார்கள். கூட்டம் கொஞ்சம் விலகி, மரத்தடியில் வடிவு வழக்கமாக இருக்கும் இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்த பிறகுதான் நிஷா, "ஐயோ, வடிவு!" என்று அலறினாள்.

வடிவு மூன்றாவது மாடிப் படியோரம், சுவரில் மாட்டிய நாற்காலிக்குக் கீழே காத்திருந்தாள். ஆய்வகத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் யாரையும் கூப்பிட வழியில்லை. மணி அடித்ததிலிருந்து அந்த இடத்துக்குப் புகை வந்து சேரப் பதின்மூன்று நிமிடம் ஆகியிருக்கிறது. தீயணைப்புக்காரர்கள் அவளைக் கீழே கொண்டுவந்தது பத்தொன்பதாவது நிமிடத்தில். உயிர் பிழைத்தாள். ஆனால் நுரையீரல் கெட்டுவிட்டது, இனி ரசாயன வாடையே படக்கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நாலரை வருட ஆய்வு அதோடு நின்றது.

விசாரணையில் பேச்சிமுத்து எழுந்து, "எண்ணிட்டு ஆள் இல்லன்னு சொன்னது நான். தப்பு என்னோடதுங்க" என்றார். நிஷா அழுதுகொண்டே, "அவள விட்டுட்டு எறங்குனது நான்தான்" என்றாள். தேவசகாயம் தலையைக் குனிந்துகொண்டு, "எரக்கப்பட்டு அவள ஒத்திகையில சேக்காம விட்டுட்டேன். தப்பு என்னுது" என்றார்.

மூன்று பேரும் மனதாரத்தான் சொன்னார்கள். நீங்களே சொல்லுங்கள், இவர்களில் யார் சொன்னது சரி?

நான் கண்ட விடை இது. பேச்சிமுத்து கொடுத்த தாளை நம்பி எண்ணினார். நிஷாவின் கால்கள் நாலு தடவை பழகிய வழியில் ஓடின. தேவசகாயம் சொன்னதுதான் சரி, ஆனால் அவர் சொன்ன காரணம் பொய். நிஜமாகவே இரக்கப்பட்டிருந்தால் அந்தப் பட்டையை மாட்ட நிஷாவுக்குப் பத்துத் தடவை பழக்கியிருப்பார். அவர் அன்றைக்கு இரண்டு தடவை பார்த்தது கடிகாரத்தை. அவரை மட்டும் சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. நாற்பத்திரண்டு என்று தட்டச்சு செய்தபோதே ஒன்று குறைகிறது என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை, விசாரணையிலும் என்னை யாரும் கேட்கவில்லை. வடிவைக் கேட்டார்கள். அவள் இருமி முடித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "மொத ஒத்திகையில பதினொரு நிமிஷம் ஆச்சுல்லா சார்? எனக்கு அதுவே போதுமா இருந்திருக்கும்."