தெருவைப் பார்க்காத பதினொரு வீடுகள்

ஊருக்கு ஒன்றிரண்டு முட்டாள்கள் இருப்பார்கள், அது உலக வழக்கம். மேதாவி நகர் மூன்றாம் குறுக்குத் தெருவில் பன்னிரண்டு வீடு. அதில் பதினொன்றில் அவர்கள்தான். போதாக்குறைக்கு அவர்களுக்கு நலச்சங்கம் வேறு. தலைவர் பரந்தாமன், செயலாளர் தணிகாசலம், பொருளாளர் உத்தமராசு. மூன்று பேரிடமும் விசிட்டிங் கார்டு உண்டு. மூளையைப் பற்றி நான் சொல்வதற்கில்லை.

பன்னிரண்டாவது வீடு மரகதவல்லி அக்காவுடையது. தெருவின் பள்ளத்துக் கோடியில் இட்லி மாவு அரைத்து விற்றுப் பிழைக்கிறவர். மழை பெய்தால் தெருத் தண்ணீர் மொத்தமும் அவர் வீட்டுக்குத்தான் வரும். போன ஐப்பசியில் கிரைண்டர் மோட்டார் கருகிப்போனது. நகையை அடகு வைத்து வேறு மோட்டார் வாங்கினார். இதுவும் போனால் கடையை மூட வேண்டியதுதான். அதனால் நாலு வருஷம் பேரூராட்சிக்கு நடையாய் நடந்து, தெருவுக்கு வடிகால் கட்ட அனுமதி வாங்கிவிட்டார்.

நோட்டீஸ் வந்தது. பாதிச் செலவு பேரூராட்சியுடையது. மீதிக்கு, 'தெருவைப் பார்த்த வீடுகள்' முகப்பு அகலத்தில் அடிக்கு ஐந்நூறு ரூபாய் கட்ட வேண்டும்.

சங்கம் கூடியது.

"பார்த்த வீடுன்னு போட்டிருக்கான்," என்றார் பரந்தாமன். "நாம எப்பய்யா பார்த்தோம்?"

"நாம பார்க்கலை தலைவரே, வீடு பார்க்குது," என்றார் தணிகாசலம்.

"எதால பார்க்குது?"

"ஜன்னலால."

"அப்ப அதை அடைச்சிடுவோம்."

உத்தமராசு கையைத் தூக்கினார். "கதவு வழியாவும் தெரு தெரியுதுங்களே."

ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கதவும் கண்தான் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள்.

மரகதவல்லி தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, தெருவைப் பார்த்த வீடுன்னா வாசல் தெருப் பக்கம் இருக்குன்னு அர்த்தம். உங்க இருபது அடிக்குப் பத்தாயிரம் ரூபா. மழைக்கு முன்னாடி கட்டிடுங்க, புண்ணியமாப் போகும்."

"வாசலே இருக்காதும்மா, கவலைப்படாதே," என்றார் பரந்தாமன்.

பதினொரு வீட்டிலும் கொத்தனார் இறங்கினார். முன்பக்கம் முழுக்கச் செங்கல் வைத்து அடைத்து, பின்சுவரில் ஆள் குனிந்து போகிற மாதிரி ஓர் ஓட்டை போட்டார். வீட்டுக்குப் பதினெட்டாயிரம் ஆனது. பத்தாயிரம் மிச்சம் என்று உத்தமராசு எழுதிக்கொண்டார். எழுதத் தெரிந்தவரைத்தானே பொருளாளராகப் போட்டிருக்கிறார்கள், கழிக்கத் தெரிந்தவரை இல்லையே.

பேரூராட்சி எழுத்தர் டேப்போடு வந்தார். பதினொரு செங்கல் சுவரையும் பார்த்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'தெருவைப் பார்த்த வீடு: ஒன்று' என்று எழுதினார். மரகதவல்லியின் பதினைந்து அடிக்கு ஏழாயிரத்து ஐந்நூறு வாங்கிக்கொண்டார். அந்தப் பதினைந்து அடிக்கு மட்டும் வடிகால் கட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்த வடிகாலுக்குத் தண்ணீர் வர வழியும் கிடையாது, போக வழியும் கிடையாது.

ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. பதினைந்து அடி வடிகால் பத்து நிமிஷத்தில் நிரம்பி, தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது. மரகதவல்லி மோட்டாரைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, ஜன்னலோர மேஜைமேல் ஏறி நின்றார்.

"யோவ் சங்கம், ஏதாவது பண்ணித் தொலைங்கய்யா," என்று கத்தினார்.

பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் சங்கம் குடையோடு அவசரமாகக் கூடியது.

"தண்ணி எங்கேய்யா போகுது?" என்று கேட்டார் பரந்தாமன்.

"நம்ம வீடுங்களைப் பார்த்துத்தான் வருது தலைவரே," என்றார் தணிகாசலம்.

பரந்தாமன் நிமிர்ந்தார். "பார்த்துன்னா சொன்னீங்க?"

ஆமாம் என்று தணிகாசலம் தலையாட்டினார். பிறகு பரந்தாமன் சொன்னார்: "பார்த்தவன்தானே காசு கட்டணும். அடிக்கு ஐந்நூறு, தண்ணிகிட்ட வசூல் பண்ணச் சொல்லி மனு எழுதுங்க. உத்தமராசு, அகலத்தை அளந்துட்டு வாங்க."

உத்தமராசு டேப்போடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். "இருபது அடி தலைவரே." கொஞ்ச நேரம் கழித்து, "இருபத்தெட்டு." அதற்கப்புறம், "முப்பத்தஞ்சு."

மேஜையைத் தொட்டுவிட்டது தண்ணீர். மரகதவல்லி மோட்டாரைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, "எனக்குக் கை வலிக்குதுய்யா," என்றார்.

பரந்தாமன் மாடிச் சுவரில் சாய்ந்து அன்போடு எட்டிப் பார்த்தார். "கொஞ்சம் பொறுத்துக்கம்மா. இன்னும் ரெண்டு நாள் இப்படியே பெஞ்சா, வசூலாகிற காசுல மீதி வடிகாலைக் கட்டிடலாம்."