வெள்ளைத்துணி விரிச்ச மேசை

ஒரு கடற்கரை ஊர்ல ஒரு பிரகாசியம்மா இருந்தா. ம் கொட்டு ஜெனி, கொட்டலன்னா அக்கா நிறுத்திருவேன். ஆங்.

அவ புருசனைக் கடல் கொண்டு போயிருச்சு. அப்புறம் வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்திருச்சு, பேச்சும் குழறிப் போச்சு. பக்கத்து வீட்டு பெர்பெத்தம்மா காலைல கஞ்சியை வச்சுட்டு மீன் ஏலத்துக்கு ஓடிருவா. அவதான் அந்தத் தெரு அன்பியத்துக்கு, அதான் கோயில் செபக் குழுவுக்கு, தலைவி. எங்க தெருவுல ஒரு நோயாளியையும் விட்டதில்லன்னு கூட்டத்துக்குக் கூட்டம் பீத்திக்குவா. வாய்க்கு வரியா போடறாங்க.

பிரகாசியம்மாவுக்கு ஒரே ஒரு ஆசைதான். மாசத்து முதல் வெள்ளி, படுத்துக் கிடக்கறவங்க வீட்டுக்கு நற்கருணை, அதான் நன்மை அப்பம், கொண்டு வருவாங்கல்ல, அதை வாங்கணும். அதுக்கு மேசைல வெள்ளைத்துணி விரிச்சு, மெழுகுவத்தி கொளுத்தி, டம்ளர்ல தண்ணி வைக்கணும். ஒத்தக் கையால சர்ர்... சர்ர்...னு இழுத்து இழுத்து விரிச்சா.

ஊர் பெருசு. அதனால வடக்கேருந்து சாமியார் வருவார், தெக்கேருந்து சிஸ்டர்மார் வருவாங்க. இவ வீடு நட்ட நடுவுல, யார் மொதல்ல வர்றாங்களோ அவங்க குடுக்கணும். அப்போ கிணிங் கிணிங்னு மணி கேட்டுச்சு. சாமியார் சன்னல் வழியாப் பார்த்தார். துணி விரிச்சிருக்கு, மெழுகுவத்தி எரியுது. சரி, சிஸ்டர்மார் குடுத்துட்டுப் போயிட்டாங்க, நன்மை வாங்கிட்டு செபம் பண்றா, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு பூனை மாதிரி நடந்து போயிட்டார். அப்புறம் சிஸ்டர்மார் வந்தாங்க. சாமியார் குடுத்துட்டார்னு அவங்களும் பூனை. ஙா... ஙா...ன்னு அவ கூப்பிட்டா. அலைச் சத்தத்துல அது எங்க கேக்கும்?

மெழுகுவத்தி உருகித் தீந்துச்சு. ம்?

அடுத்த மாசம், ஒரு வெளிச்சம் அவங்க கண்ணுல படல போலன்னு ரெண்டு மெழுகுவத்தி கொளுத்துனா. அவங்க இன்னும் மெதுவா நடந்தாங்க.

மூணாவது மாசம் அவளால எந்திரிக்கவே முடியல. துணி மடிச்ச மடிப்போட கிடந்துச்சு. மேசை மொட்டையா இருக்கறதைப் பார்த்துட்டுத்தான், அட, இங்க இன்னும் யாரும் வரலையேன்னு சாமியார் உள்ள வந்தார். பின்னாலயே சிஸ்டர், பெர்பெத்தம்மா. அப்போ அவ வாயைக் கோணிக் கோணி, ஒவ்வொரு சொல்லாச் சொன்னா.

"துணி விரிக்கல சாமி. மன்னிச்சுக்கோங்க."

அவ மன்னிப்பு கேக்கறா, ஜெனி. அவ.

போன மாசம் சிஸ்டர் குடுத்தாங்கல்லன்னு சாமியார் கேட்டார். நீங்க குடுத்தீங்கன்னுல்ல நெனச்சோம்னு சிஸ்டர் சொன்னாங்க. பெர்பெத்தம்மா வாய் அன்னைக்குத்தான் மூடிச்சு. சாமியார் நன்மையைத் துளியூண்டு கிள்ளி, தண்ணில நனைச்சு ஊட்டினார். அவ முழுங்கினா. சாயங்கால மணி அடிக்கறதுக்குள்ள மூச்சு நின்னு போச்சு.

அடக்கத்துக்கு ஊரே வந்துச்சு. டண்... டண்... அந்தச் சின்ன வீட்டுல நிக்க எடமில்ல. இத்தனை பேரும் அதே ஊர்லதான் இருந்தாங்க. அந்த வெள்ளைத்துணியை எடுத்து அவ மேலயே விரிச்சாங்க.

இப்போல்லாம் அங்க மெழுகுவத்தி எரிஞ்சாலும், டொக் டொக்னு தட்டி, உள்ள போய் உக்காந்து, சாப்டியான்னு கேப்பாங்களாம்.

என்ன? மொதல்லயே தட்டியிருக்கலாமேவா?

ரெண்டாங்கிளாஸ் படிக்கற உனக்குத் தெரியுது.

கதை கரையேறிருச்சு. கண்ணை மூடு.