இரண்டாவது ஃபைனல்

"ஒரு மைதானம், ஒரே நாள், ரெண்டு ஃபைனல். எப்படி வச்சாலும் யாராவது சண்டைக்கு வருதாவ. நான் என்னதான் செய்ய டீச்சர்?"

வந்ததும் வராததுமாக மார்சலின் இப்படிக் கேட்டார்.

ஜெனோவா டீச்சர் கிழிந்த கோல் வலையை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

வயதில் அவர் மார்சலினைவிட ரொம்பச் சின்னவர். முழங்கால் கெடும்வரை கடற்கரை ஊர்களிலெல்லாம் விசில் ஊதியவர். இப்போது ரெஃப்ரி வகுப்பு எடுக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு மார்சலின் அந்த வகுப்பில் போய்ச் சேர்ந்தார். முதல் நாள் மார்சலின் "டீச்சர்" என்று கூப்பிட்டதும் மற்றவர்கள் சிரித்தார்கள். மார்சலின் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஜெனோவா அவருக்கு டீச்சர், அவர் ஜெனோவாவுக்கு அண்ணன்.

டீச்சருக்குப் பேச்சு குறைவு. மைதானத்தில் கையாலேயே பேசிப் பழகியவர்.

இந்த வருடம் மார்சலின் கரைக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்குச் செயலாளர். டவுன் ஸ்டேடியம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் கிடைத்திருந்தது.

"வழக்கம்போல பெண்கள் ஆட்டத்த ரெண்டு மணிக்கு வச்சேன். ஆண்கள் ஆட்டம் அஞ்சுக்கு. மேலக்கரை கேப்டன் ரெக்சலின் வந்து, நாங்க ஆட வரலன்னு சொல்லிட்டுப் போயிட்டா."

"ஏன்?"

"போன வருசத்துக் கோவம்."

போன வருடம் மேலக்கரை ஆடிய பெண்கள் ஃபைனல் சமமாக முடிந்தது. எக்ஸ்ட்ரா டைம் ஆட வேண்டும். ஆனால் ஆண்கள் அணிகள் கோட்டருகே வந்து நின்றுவிட்டன. சிறப்பு விருந்தினரும் வந்துவிட்டார். கமிட்டி கூடிப் பேசி, நடுவட்டத்தில் ரெஃப்ரியைக் காசு சுண்டச் சொல்லிவிட்டது. பூ விழுந்தது. கோப்பை எதிரணிக்குப் போயிற்று.

டீச்சர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"ஆண்கள் ஆட்டம் சமமா முடிஞ்சா?"

"எக்ஸ்ட்ரா டைம். அதுலயும் சமம்னா பெனால்ட்டி."

"அவங்களுக்கு டாஸ் இல்லையா?"

"அவங்களுக்கு எதுக்கு டீச்சர் டாஸ்? பின்னால யாரும் காத்துக்கிட்டு நிக்கலையே."

டீச்சர் ஊசியில் மறுபடி நூல் கோத்தார்.

மார்சலின் அந்த ஊசியைப் பார்த்தார். பிறகு மெல்ல, "அப்போ பெண்கள் ஆட்டத்தக் கடைசியா வைக்கணும்," என்றார்.

டீச்சர் அடுத்த கண்ணியை இழுத்துத் தைத்தார்.

"வச்சிரலாம். ஆனா ஆண்கள் ஆட்டம் முடிஞ்சதும் சனம் எழும்பிப் போயிரும். காலி கேலரிக்கு முன்னால ஆடுறது அந்தப் பிள்ளையளுக்குச் சங்கடமா இருக்காதா? லைட்டுக்காரன்கிட்டக் கேட்டேன், மைக் செட்காரன்கிட்டக் கேட்டேன். எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ."

"ரெக்சலின்கிட்டக் கேட்டியளா?"

மார்சலின் எழுந்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

*

ரெக்சலின் மீன்வலைக் கம்பெனியில் வேலை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தாள்.

"ஆண்கள் முதல்ல, நீங்க கடைசி. கூட்டம் நிக்குமான்னு சொல்ல முடியாது. சம்மதமா?"

அவள் அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"முழுசா ஆட விடுவியளா சார்?"

"விடுவேன்."

"அப்போ கூட்டம் போனா போகட்டும்."

*

கமிட்டித் தலைவர் வியாகப்பன் குதித்தார்.

"பெரிய ஆட்டம் முதல்ல, சின்ன ஆட்டம் கடைசியா? சிரிப்பாவ மனுசமாரு!"

"ரெண்டும் ஃபைனல்தானே," என்றார் மார்சலின். சொன்னதிலிருந்து நகரவில்லை.

அடுத்து ஆண்கள் அணி ஒன்றின் கேப்டன் ஆன்றோ வந்தான்.

"ரெண்டு மணி வெயில்ல மனுசன் ஆட முடியுமா சார்? கால் வெந்துரும்."

மார்சலினுக்கு என்னவோ போலாகிவிட்டது. இத்தனை வருடமும் இரண்டு மணிக்கு அங்கே ஆட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது. வெயில் அடிக்கிறது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. அவருக்குத் தானாகத் தோன்றியதும் இல்லை.

"சரிதான்," என்றார். "யாரும் ஆட முடியாது. மூணரைக்குத் தொடங்குவோம்."

*

ஞாயிற்றுக்கிழமை கேலரி நிரம்பி வழிந்தது.

ஆண்கள் ஆட்டம் யாருக்கும் பிடி கொடுக்கவில்லை. சமம். எக்ஸ்ட்ரா டைம். அதிலும் சமம். பெனால்ட்டி.

கோட்டருகே ரெக்சலினும் பிள்ளைகளும் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு நின்றார்கள். சூடாக்கியது ஆறிப்போக, மறுபடியும் ஓடினார்கள். மார்சலின் அவர்கள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் வேறு பக்கம் பார்த்தார். ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. பெனால்ட்டி ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது ரெக்சலின்தான் எல்லாரையும்விடச் சத்தமாக "அய்யோ!" என்றாள்.

ஆன்றோவின் அணி ஜெயித்தது. வெடி போட்டார்கள். பரிசு கொடுத்தார்கள். விருந்தினர் கார் ஏறினார்.

கூட்டமும் எழுந்தது.

மைக்கில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். வாசல் பக்கம் நெரிசல். கொஞ்ச நேரத்தில் கேலரியில் சிமென்டுதான் அதிகம் தெரிந்தது.

விளக்குகள் எரிந்தன. பெண்கள் அணிகள் உள்ளே வந்தன.

வியாகப்பன் மார்சலினின் தோளைத் தட்டினார்.

"பாத்தீரா? நான் அன்னைக்கே சொன்னேன். நேரமும் ஆயிட்டு. பாதிக்கு இருபது நிமிசம் வச்சு முடிச்சிரும். பாக்க ஆளில்லாத ஆட்டத்துக்கு எதுக்கு இவ்வளவு நேரம்?"

மார்சலின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் ஆகித்தான் இருந்தது. ஊழியர்கள் களைத்திருந்தார்கள். தலைவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோலத் தெரிந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

கேலரியின் கீழ்ப்படியில் டீச்சர் தனியாக உட்கார்ந்திருந்தார். மார்சலின் ஓடினார்.

"டீச்சர், ரொம்ப நேரமாயிட்டு. இருபது இருபதுன்னு சுருக்கச் சொல்லுதாவ. ரெஃப்ரிகிட்டப் போய்ச் சொல்லட்டா?"

டீச்சர் கையை நீட்டினார்.

"வாச்சக் கழட்டுங்க."

அவர் கழற்றிக் கொடுத்தார். டீச்சர் அதைத் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"டீச்சர்?"

"ஆட்டத்துக்குள்ள நேரம் ரெஃப்ரி கையில இருக்கு, அண்ணே. உக்காருங்க."

அந்த நேரம் விசில் கேட்டது.

மார்சலின் உட்கார்ந்தார்.

முதலில் அவருக்கு ஆட்டம் தெரியவில்லை. வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். வியாகப்பன் தூரத்தில் நின்று கையை ஆட்டிக் கூப்பிடுவது தெரிந்தது. எழப் போனார். டீச்சர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் மைதானத்தைப் பார்த்தார்.

ரெக்சலின் பந்தை இரண்டு பேருக்கு நடுவே நகர்த்திக்கொண்டு போனாள். விழுந்தாள். எழுந்தாள். பந்து அவள் காலிலேயே இருந்தது.

"அடி பிள்ள!" என்று யாரோ கத்தினார்கள். அது தன் குரல்தான் என்று மார்சலினுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

கோல்.

இடைவேளைக்குப் பிறகு எதிரணி ஒரு கோலைத் திருப்பிப் போட்டது. பேருந்துக்காக வெளியே நின்றவர்களில் சிலர் சத்தம் கேட்டுத் திரும்பி வந்தார்கள். ஆன்றோ கழுத்தில் மாலையோடு வந்து படியில் நின்றான். கேலரி நிறையவில்லை. ஆனால் இருந்தவர்கள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

ஆட்டம் சமமாக முடிந்தது.

ரெஃப்ரி கோட்டருகே வந்தார். போன வருடம் காசைச் சுண்டியதும் அவர்தான்.

"செயலாளர், எப்படி?"

பத்துக் காலடி தள்ளி ரெக்சலின் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. அவள் ரெஃப்ரியைப் பார்க்கவில்லை. மார்சலினைப் பார்த்தாள்.

"எக்ஸ்ட்ரா டைம்," என்றார் மார்சலின். "சட்டத்துல என்ன இருக்கோ, அம்புட்டும்."

ஆடினார்கள். கால் இழுத்துக்கொண்டவர்களைப் புல்லில் படுக்க வைத்துத் தேய்த்துவிட்டு மறுபடி ஆடினார்கள். முடியப் போகிற நேரத்தில் எதிரணியின் ஒல்லியான பெண் ஒருத்தி தலையால் முட்டினாள். பந்து மேலக்கரை வலைக்குள் போய் விழுந்தது.

விசில்.

ரெக்சலின் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

மார்சலினுக்குப் பொறுக்கவில்லை. படி இறங்கி ஓடினார். தான்தான் இவளுக்கு ஏதோ கெடுதல் செய்துவிட்டதுபோல இருந்தது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"அழாத பிள்ள. அழாத. அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

அவள் தலையைத் தூக்கினாள். கன்னத்தில் புல் ஒட்டியிருந்தது.

"விடுங்க சார், அழுதுக்கிடுதேன்," என்றாள். "போன வருசம் எனக்கு அழுகையே வரல."