பூஜையில் வைத்த படிப்பு

இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னது எங்க வீட்டுக்காரரோட அக்கா மாராத்தாள். என் ரெண்டாவது மகள் பிறந்த அஞ்சாம் நாள் அது. வயித்துல தையல் போட்டிருந்தாங்க. "சிரிக்காதே, தையல் பிரிஞ்சிரும்"னு சொல்லிக்கிட்டேதான் முழுசும் சொன்னாங்க. முருகன் புண்ணியத்துல தையல் பிரியலை.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கயித்துக் கொட்டகை. முதலாளி சென்னியப்பன். அவர்கிட்ட மூணு ஆளுங்க வேலை பார்த்தாங்க: ஆறுச்சாமி, குப்பண்ணன், மயில்சாமி. சொன்ன சொல்லைத் தட்ட மாட்டாங்க. அதுதான் அவங்ககிட்ட இருந்த ஒரே குறை.

தேங்காய் நார் குவிச்சிருக்கிற இடம், தீப்பிடிச்சா தாங்காதுன்னு, மூணு பேரையும் டவுனுக்கு மூணு நாள் பயிற்சிக்கு அனுப்பினாங்க. தீ அணைக்கிற சிவப்பு சிலிண்டரைத் தூக்கணும், ஊசியை இழுக்கணும், தீயோட அடியைப் பார்த்து அடிக்கணும். மூணு பேரும் நல்லாவே கத்துக்கிட்டாங்க. கையில சர்டிபிகேட்டும், கொட்டகைக்கு ஒரு சிலிண்டரும் குடுத்து அனுப்பினாங்க.

வந்ததும் ஆசையா முதலாளிகிட்ட செஞ்சு காட்டப் போனாங்க. அவர் சிலிண்டரை வாங்கி உசரத்துல வெச்சுட்டார். கத்துக்கிட்டது அங்கயே இருக்கட்டும், இங்க வந்து கயிறு திரிங்கன்னுட்டார். சரிங்கன்னு திரிச்சாங்க.

ஆயுத பூஜை வந்தது. தொழிலுக்கு உதவுற ஒண்ணையும் விடாம பூஜையில வெக்கணும், வெச்சதை நாளைக் காலை வரைக்கும் யாரும் தொடப்படாதுன்னு முதலாளி உத்தரவு. ராட்டை, அரிவாள், வாளி, கிணத்துக் கயிறு, செல்போன் எல்லாம் சாமி முன்னால போச்சு. சிலிண்டருக்கு விபூதிப் பட்டை போட்டு மாலை சாத்தினாங்க. படிப்பும் ஆயுதந்தானேன்னு மூணு சர்டிபிகேட்டையும் வாழை இலையில வெச்சு, மேல ஒரு எலுமிச்சம்பழம் வெச்சாங்க.

மத்தியானம் சூடம் காட்டினப்ப ஒரு பொறி நார்க் குவியல்ல விழுந்தது. நார் பத்திக்கிட்டு வேலிப் பக்கம் நகர்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ரங்காத்தாளோட வைக்கோல் போர். தனிக்கட்டை அந்த அம்மா. ஒரே ஒரு மாடு. தை அறுப்பு வரைக்கும் மாட்டுக்கு அந்தப் போர்தான் சோறு.

"அப்பா, போர் போச்சுன்னா மாட்டை வித்துப்போட வேண்டியதுதான். அணைங்கப்பா," ரங்காத்தாள் வேலியைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினாள்.

மூணு பேரும் உட்கார்ந்து யோசிச்சாங்க.

"சிலிண்டரைத் தொடக்கூடாது. வாளியும் பூஜையில," என்றான் ஆறுச்சாமி.

"எப்படி அணைக்கறதுன்னாவது அந்தம்மாவுக்குச் சொல்லலாமில்ல? எனக்கு ஞாபகம் இருக்குது," என்றான் குப்பண்ணன்.

"படிப்பு இலையில இருக்குது. உன் தலையில எப்படி இருக்கும்?" என்றான் மயில்சாமி.

"இருக்குதே."

"இருந்தா தொடாதே. நாளைக்கு எடுத்துக்க."

மயில்சாமி முதலாளிகிட்ட ஓடினான். அவர் பாயசம் குடிச்சுக்கிட்டிருந்தார். தொட்டா தெய்வக் குத்தம், தொடலைன்னா தீ, ரெண்டையும் பார்த்தா நாளைக்கு ஏழரைக்கு மேல எடுக்கிறதுதான் உத்தமம்னு தீர்ப்புச் சொன்னார். ஆறுச்சாமி தீக்குப் பக்கத்துல போய், கையைக் கட்டிக்கிட்டு, ஏழரை மணி விவரத்தைப் பணிவா எடுத்துச் சொன்னான். தீக்குச் சொன்னாப் புரியாதுன்னு பயிற்சியில யாரும் சொல்லலை.

தீ வேலியைத் தாண்டிப் போரோட ஓரத்தைப் பிடிச்சது. ரங்காத்தாள் இவங்களை நம்பினது போதும்னு, மாட்டுக்குக் கழுநீர் வைக்கிற தாழியிலிருந்து சட்டியால மொண்டு மொண்டு வீசினாள். பதட்டத்துல எல்லாம் மேல மேல போச்சு.

குப்பண்ணனுக்குப் பொறுக்கலை. "அடியைப் பார்த்து ஊத்துங்க ஆத்தா," என்று சொல்லிட்டான். சொன்னதும் பயந்துபோய் சர்டிபிகேட் பக்கம் திரும்பிக் கன்னத்துல போட்டுக்கிட்டான். மயில்சாமி ஒரு வாரம் அவன்கூடப் பேசலை.

ஆனா ரங்காத்தாள் அடியைப் பார்த்து ஊத்தினாள். போர்ல பத்தின தீயும், வேலிக்கு இந்தப் பக்கம் நார்ல பத்தின தீயும் அணைஞ்சுது. போர்ல ஒரு மூலைதான் கருகிச்சு. மாடு தப்பிச்சுது. கொட்டகையும் தப்பிச்சுது.

மறுநாள் ஏழரைக்கு மேல மூணு பேரும் சிலிண்டரை எடுத்து, ஊசியை இழுத்து, சாம்பல் மேல முறைப்படி அடிச்சாங்க. முதலாளி கை தட்டினார்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை அன்னைக்கு விடியக்காலையில மூணு பேரும் சந்தனம், குங்குமம், மேளத்தோட ரங்காத்தாள் வீட்டு முன்னால நின்னாங்க. கொட்டகையைக் காப்பாத்தின ஆயுதமாச்சே, முதலாளி தாழியைப் பூஜைக்குக் கேட்கிறாருன்னாங்க. மாலை போட்டு, தாழியைத் தலைமேல தூக்கிக்கிட்டாங்க.

"ஏப்பா, இன்னைக்கும் நெருப்புப் புடிச்சா நான் என்னத்தைப் பண்ணுவேன்?" என்றாள் ரங்காத்தாள்.

ஆறுச்சாமி நெஞ்சை நிமிர்த்தினான்.

"பயப்படாதீங்க ஆத்தா. இந்தத் தாழியை யாரும் தொட்டுறாமப் பார்த்துக்க, எங்க மூணு பேருக்கும் மூணு நாள் பயிற்சி குடுத்திருக்காங்க."

அவ்வளவுதான் கதை. சிரிச்சு முடிச்சுட்டு, அந்தச் சொம்புல கொஞ்சம் தண்ணி கொண்டாந்து குடு கண்ணு. தொண்டை காஞ்சுபோச்சு.